பிளேட்டில் றேடியோ பாடுமா? போர்க்களத்து றேடியோக்கள் பற்றி ஒரு சந்தேகம்

இணுவிலான்
வணக்கம். மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குப் ‘போர்க்களத்தில் றேடியோ’ என்று ஒரு தலைப்பை எடுத்து வைத்திருக்கிறாள். “வோக்கி டோக்கி என்பது கையில் பிடித்துக் கதைக்கும் சிறிய கருவி, இரண்டாம் உலகப் போரில் வந்தது” என்று முதல் வரியில் எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிவிட்டார். என்ன பிழை என்று எனக்கும் விளங்கவில்லை. வோக்கி கையில் இருப்பதுதானே, நாங்கள் காணாததா?

இரண்டாவது, அந்தக் காலப் படையினர் ஒரு சவர பிளேட்டும் பென்சில் துண்டும் வைத்துப் பற்றறி இல்லாமலே பாட்டுக் கேட்டார்களாம். எங்கேயோ வாசித்துவிட்டாள், அதைச் செய்துகாட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இது உண்மையா, கட்டுக்கதையா? மூன்று கிழமைதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவரிசை
ஆசிரியரின் கேள்விக்குறி சரி. ஆனால் மகளில் பிழை சொல்ல முடியாது, உலகமே அந்தப் பெயரை மாற்றித்தான் பிடித்திருக்கிறது.

வோக்கி டோக்கி என்று அன்று பெயர் பெற்றது முதுகில் சுமக்கும் பெட்டி. அமெரிக்கப் படையில் அதன் பெயர் எஸ்சிஆர்-300. உள்ளே 18 வால்வு (ட்ரான்சிஸ்ரருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்), பண்பலை, 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை. பாரம் ஏறக்குறைய 16 கிலோ. நடந்துகொண்டே கதைக்கலாம் என்பதால் ‘வோக்கி’. மூன்று மைல் எட்டும் என்று கணக்கு.

கையில் பிடிப்பது வேறு. அது எஸ்சிஆர்-536, செல்லப் பெயர் ‘ஹாண்டி டோக்கி’. இரண்டையும் செய்தது பிறகு மோட்டோறோலா ஆன கல்வின் கம்பனிதான். 5 வால்வு, 2.3 கிலோ. தரையில் ஒரு மைல் போனாலே பெரிய விஷயம். அதில் எனக்குப் பிடித்த வேலைப்பாடு, அன்ரெனாவை வெளியே இழுத்தால் செற் தானாக ‘ஒன்’ ஆகும், உள்ளே தள்ளினால் ‘ஓஃப்’. தனியாக ஆளி இல்லை. இருட்டில், பயத்தில் நிற்கிறவனுக்கு ஆளி தேடும் வேலை மிச்சம். 1944 ஜூனில் நோர்மண்டிக் கரையில் இறங்கியவர்களின் கையில் இருந்தது இதுதான்.

போர் முடிந்த பிறகு அந்தப் பெயர் பெரிய பெட்டியை விட்டுச் சின்னதோடு ஒட்டிக்கொண்டது. மகள் இதை எழுதினால் ஆசிரியர் சிவப்புப் பேனையை மூடிவிடுவார்.

பிடிவாதம்
வோக்கி விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். பிளேட் விஷயம் எனக்கு நம்பிக்கை இல்லை. பற்றறி இல்லாமல் சத்தம் எங்கேயிருந்து வரும்? சக்தி சும்மா பிறக்காது என்று நாங்களும் ஒன்பதாம் ஆண்டில் படித்தோம். சும்மா இணையத்தில் ஓடும் கதை. பிள்ளையை ஏமாற்றாதீர்கள்.

செற் மாஸ்ரர்
தம்பி பிடிவாதம், பெயருக்கேற்ற ஆள்தான். சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட 31 வருடம் றேடியோ திருத்தியவன் சொல்கிறேன், கேளும்.

அந்தச் சக்தி, ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வருகிறது. அங்கே நூறு கிலோவாற், இருநூறு கிலோவாற் என்று கொட்டுகிறான். அதில் தூசியளவு உம்முடைய கம்பியில் விழும். காதுக்குள் வைக்கிற கருவியை அசைக்க அந்தத் தூசி போதும். ஒலிபெருக்கியை அசைக்கப் போதாது, அவ்வளவுதான் வித்தியாசம். பற்றறி தேவைப்படுவது சத்தத்தைக் கூட்ட.

பிளேட் செய்வது ஒருவழிக் கதவின் வேலை. வானலை இரண்டு பக்கமும் ஆடும். ஒரு பக்கத்தை மட்டும் போகவிட்டால்தான் காதுக்குக் கேட்கும் ஒலி பிரியும். நாங்கள் இதற்கு டயோட் போடுவோம். டயோட் இல்லாத காலத்தில் கலீனா என்கிற ஈயக் கனிமத்தின் மேல் மெல்லிய கம்பி முனையை வைத்தார்கள். போர்முனையில் கலீனாவுக்கு எங்கே போவது? நீலம் பாய்ந்த பிளேட்டின் மேல் இருக்கும் ஒட்சைட்டுப் படலமும் பென்சில் கரியின் கூரும் தொடும் இடத்தில் அதே குணம் வந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் வராது. ஊசிக் கூரால் தடவித் தடவித் தேட வேண்டும். பொறுமை இல்லாதவனுக்குப் பாடாது.

1944இல் இத்தாலியில் அன்சியோ என்ற கரையில் இறங்கிய படை மாதக்கணக்கில் குழிக்குள் முடங்கிக் கிடந்தது. அங்கேதான் இது பேர் எடுத்தது. ‘குழி றேடியோ’ என்றே பெயர்.

அலைவரிசை
மாஸ்ரர் சொன்னதோடு ஒன்று. பற்றறிப் பஞ்சம் மட்டும் காரணம் இல்லை. அன்றைய வால்வு றேடியோக்களில் பலவற்றுக்கு ஒரு கெட்ட குணம், கேட்கும்போதே மெல்லியதாகத் தாமும் அலை விடும். உள்ளே ஓர் அலையாக்கி ஓடிக்கொண்டிருக்கும், அதன் கசிவை எதிரி திசைகாட்டும் கருவியால் பிடித்துவிடுவானோ என்று பயம். பிளேட் செற்றிலிருந்து ஒரு துளியும் வெளியே போகாது.

மகளின் கண்காட்சிக்கு நடுநாயகமாக இதைத்தான் வைக்கச் சொல்வேன். கேட்கும் றேடியோ வேறு சாதி, கதைக்கும் றேடியோ வேறு சாதி. கேட்பவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தவன் தன் இடத்தையும் சேர்த்தே சொல்கிறான். 1914 ஓகஸ்ரில் தனன்பேர்க்கில் ரஷ்யப் படைகள் குறியீடு இல்லாமல் வெறும் மொழியில் செய்தி அனுப்பின. ஜேர்மனியர் உட்கார்ந்து எழுதி எடுத்தார்கள். ஒரு முழுப் படையே அழிந்ததில் அந்தக் கதைக்குப் பெரிய பங்கு.

பிடிவாதம்
அப்போ கம்பி போட்டுத் தொலைபேசியில் கதைக்க வேண்டியதுதானே?

அலைவரிசை
கதைத்தார்கள். முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஒற்றைக் கம்பி ஓட்டி, மறு முனைக்கு நிலத்தையே பாவித்தார்கள். நிலத்துக்குள் ஓடின மின்னோட்டத்தை எதிர்ப் பக்கம் கூர் நட்டுப் பெருக்கிக் கேட்டது. அதைத் தடுக்க 1915இல் ஃபுலர் என்ற பிரித்தானிய அதிகாரி வேறு விதமான கருவி செய்ய வேண்டி வந்தது. நிலத்துக்கும் காது உண்டு, ஐயா.

வலிகாமத்தாள்
நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் அன்சியோ, நோர்மண்டி என்று போகிறீர்கள். பற்றறி இல்லாத றேடியோவுக்கு இத்தாலிக்கு ஏன் போக வேண்டும்? எங்கள் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள்.

1990இல் கரண்ட் போனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். பெற்றோல், சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட பட்டியலில் ரோர்ச் பற்றறியும் ஒன்று. ஆமிக்காரன் ரோர்ச் பற்றறியில் குண்டைக் கண்டான், நாங்கள் செய்தியைக் கண்டோம். ஐயா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றையும் ஹாண்டிலையும் நிலத்தில் ஊன்றி வைப்பார். தம்பி பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவின் பற்றறிப் பெட்டிக்குள் போகும். இரவு ஒன்பதே காலுக்குப் பிபிசி தமிழோசை. அக்கம்பக்கம் ஏழெட்டுப் பேர் பாயில். ஆனந்தி அக்காவின் குரல் வந்ததும் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். தம்பிக்குக் கை ஓய்ந்தால் குரல் தேய்ந்து கரகரத்துக் கிழவியின் குரல் மாதிரிப் போகும், “சுத்தடா, சுத்தடா” என்று எல்லாரும் கத்துவோம். அதற்குப் பிறகு வெரித்தாஸ், திருச்சி, புலிகளின் குரல். ஒரே சம்பவம் நாலு வாயில் நாலு மாதிரி. நாலையும் கேட்டுவிட்டு ஐயா தன்னுடைய ஐந்தாவது கணக்கைச் சொல்வார். அநேகமாக அதுதான் சரியாக இருக்கும்.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். நாங்கள் அப்போது இடம்பெயர்ந்து மட்டுவிலில் ஒரு மாட்டுக்கொட்டிலில். அரவிந்த சதம் அடித்து முடிக்க தம்பிக்கு இரண்டு கையும் வீங்கிவிட்டது. “டெண்டுல்கர் கெதியாய் அவுட்டாகினதுக்குக் கும்பிடுறன், அரவிந்தவும் அவுட்டாகியிருந்தால் எனக்குச் சுகம்” என்றான். அவன் சொன்னது பிழை, டெண்டுல்கர் அரையிறுதியில்தான் ஆடினார். ஆனால் அந்த இரவில் யார் திருத்துவது.

செற் மாஸ்ரர்
பிள்ளை, உங்கள் ஐயா வயரை நேரே கொடுத்தாரா, இடையில் ஏதும் போட்டாரா? நேரே கொடுத்திருந்தால் ‘கொர்’ என்ற இரைச்சல்தான் வந்திருக்கும். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற், ஆனால் அது ஆடலோட்டம். றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். நாலு டயோட்டும் ஓர் ஆயிரம் மைக்ரோ கப்பாசிற்றரும் நான் ஒரு சின்னப் பலகையில் அடித்துக் கொடுப்பேன். செத்த செற்றுகளைப் பிரித்துத்தான் டயோட் எடுத்தது.

இன்னொரு வில்லங்கம். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறும், றேடியோ இழுக்கும் மின்சாரம் கொஞ்சம் என்பதால் அது 6இல் நிற்காது, மேலே போய்விடும். எத்தனை ஐசி எரிந்து என் மேசைக்கு வந்தது தெரியுமா? சைக்கிளின் முன் பல்பைக் கழற்றாமல் சேர்த்தே எரியவிடுங்கள் என்று சொல்லியனுப்புவேன். மிச்சத்தைப் பல்ப் குடிக்கும். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் புத்தகத்தையும் விரித்து வைப்பார்கள்.

வலிகாமத்தாள்
பலகை இருந்தது மாஸ்ரர்! பாண் துண்டு அளவு, செம்மஞ்சள் ‘சிலிப்பர்’ றப்பரில் ஒட்டியது. சுன்னாகத்தில் வாங்கியது என்று அம்மா சொல்வா. அது நீங்களாக இருக்கலாம்.

செற் மாஸ்ரர்
சிலிப்பர் றப்பர் என்றால் நான்தான்.

திருச்சிக்காரன்
மன்னிக்கவும், இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் நுழைகிறேன். இந்திய ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் 17 வருடம், ஜபல்பூரில் பயிற்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 1987இல் உங்கள் ஊருக்கு அனுப்பப்பட்டவர்களில் நான் இல்லை.

புத்தகத்தில் செட்டின் எடையைப் போடுவார்கள். மாற்று பேட்டரியின் எடையைப் போட மாட்டார்கள். மூன்று நாள் வெளியே போனால் செட்டைவிட பேட்டரிதான் முதுகை ஒடிக்கும். உங்கள் மகளுடைய எஸ்சிஆர்-300இலும் பாதிக்குக் கிட்ட எடை பேட்டரிதான் என்று படித்த ஞாபகம். வால்வைச் சூடாக்க ஒரு குறைந்த வோல்ட், வேலை வாங்க நூறு சொச்சம் வோல்ட், இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்திருப்பார்கள். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் முதுகுக்கு விடுதலை. வியட்நாமில் அமெரிக்கர் தூக்கிய பிஆர்சி-25இல் ஒரே ஒரு வால்வு மிச்சம் இருந்தது, அடுத்து வந்த 77இல் அதுவும் போனது.

அப்புறம் ஆன்டெனா. கூட்டமாக நடக்கும்போது எல்லோரும் ஒரே உடை, ஒரே தொப்பி. ஒருவன் தலைக்கு மேல் மட்டும் ஒரு குச்சி ஆடும். அவன் பக்கத்தில் நடப்பவன் அதிகாரி என்று குழந்தைக்கும் தெரியும். குறி பார்ப்பவன் முதலில் தேடுவது அந்தக் குச்சியைத்தான். அதனால் வளைத்துத் தோளில் கட்டிக்கொள்வோம், தூரம் குறையும், பரவாயில்லை.

ராத்திரியில் பேசவே மாட்டோம். “எல்லாம் சரிதானா” என்று தளத்திலிருந்து மெல்லக் கேட்கும். பேசும் பொத்தானை இரண்டு முறை அமுக்கி விடுவோம், அந்தப் பக்கம் ‘கிச் கிச்’ என்று இரைச்சல் இரண்டு தடவை வெட்டும். சரி என்று அர்த்தம். ஒன்றும் வரவில்லை என்றால்தான் வயிறு கலங்கும்.

திருநெல்வேலிச் சந்தி
திருச்சி ஐயா, நேர்மையாகச் சொன்னீர்கள், அதற்காக நானும் மரியாதையாகவே எழுதுகிறேன். 1987 ஒக்ரோபர் 11 இரவு பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலியில் இறங்கியவர்களின் கதை இந்த இழைக்குப் பொருந்தும். எங்கள் வீடு மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். அன்றிரவு கட்டிலுக்குக் கீழே படுத்துச் சத்தம் மட்டும் கேட்டேன்.

இறங்கப் போகிறார்கள் என்பது வானலையில் ஒட்டுக்கேட்டதால் புலிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று பின்னாளில் எழுதப்பட்டிருக்கிறது. சீக்கியப் படைப்பிரிவில் இறங்கியவர்கள் 30 பேர். தொடர்பு செற் ஆரம்பத்திலேயே போய்விட்டது, பலாலித் தளத்தோடு கதைக்க வழியில்லை. விடியும் வரையும் விடிந்த பிறகும் சண்டை. 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பலாலி பத்துப் பதினைந்து கிலோமீற்றர்தான். சைக்கிளில் ஒரு மணித்தியாலம்.

அதற்குப் பிறகான நாட்களில் எங்கள் ஊரில் செத்த சனத்தின் கணக்கு வேறு. அதை இங்கே எழுத வரவில்லை.

திருச்சிக்காரன்
படித்தேன். அந்த செட்டைச் சுமந்தவன் எங்களைப் போல ஒருவன்தான். நன்றி.

இணுவிலான்
மகளும் வாசித்துக்கொண்டு இருக்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டாள்: பத்துக் கிலோமீற்றர் எட்ட என்ன வேண்டும்? எங்கள் ஊர் தட்டையாகத்தானே கிடக்கிறது, மலை ஒன்றும் மறைக்காதே?

அலைவரிசை
தட்டையாக இருப்பதுதான் பிரச்சினை, பிள்ளை. மலை இல்லை, சரி. ஏறி நிற்கவும் மலை இல்லை. முதுகில் சுமக்கும் செற்றின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு மறைத்துவிடும். கணக்கு இலேசு: அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். முதுகில் நிற்கும் குச்சி ஒன்றரை மீற்றர் என்றால் 5 கிலோமீற்றர். 16 மீற்றர் பனை உச்சியில் கட்டினால் 16. இரண்டு பக்கத்தையும் கூட்ட வேண்டும். இது வானம் விடும் உச்ச எல்லைதான், சுவரும் தோப்பும் இதிலே வெட்டிக்கொண்டு போகும். 1944 செப்ரெம்பரில் நெதர்லாந்தின் ஆர்னமில் குதித்த பிரித்தானியப் படைக்கு மரக்காடும் வீடுகளுமே எமன், சில கிலோமீற்றருக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கேட்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, பனை எல்லாவற்றிலும் ஏன் ஆட்கள் ஏறினார்கள் என்று இப்போது விளங்கும்.

முக்கியமாக ஒன்று: கண்காட்சிக்குக் கதைக்கும் செற் எதையும் கொண்டு போக வேண்டாம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சட்டம். எங்களைப் போன்ற 4எஸ்7 (இலங்கை அமெச்சூர் வானொலி அழைப்புக்குறி) ஆட்களே பரீட்சை எழுதித்தான் கதைக்கிறோம். கேட்கும் பிளேட் செற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

செற் மாஸ்ரர்
செய்முறைக்கு வருவோம். ஒன்றரை அங்குல பிவிசி குழாய், மோட்டர் சுற்றும் பூச்சுக் கம்பி, 120 சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை கம்பியை முறுக்கி ஒரு காது விடவும், பூச்சைச் சுரண்டவும். அன்ரெனா கம்பி ஆகக் குறைந்தது 15 மீற்றர், தென்னையிலிருந்து முருங்கைக்கு. ‘ஏர்த்’ கிணற்றடியில், வாழைப் பாத்திக்குள் இரும்புக் கூர் இறக்குங்கள். மற்ற இடத்தில் இரண்டடி தோண்டினால் கல்.

பிளேட் இப்போது கடையில் வருவது துருப்பிடிக்காத சாமான், அப்படியே வைத்தால் பாடாது. அடுப்பில் காட்டி நீலம் வரும் வரை சுடுங்கள், குறட்டால் பிடித்து, பெரியவர் யாராவது. சட்டை ஊசியின் கூரில் பென்சில் கரித்துண்டைக் கட்டி மெல்லத் தொடவும்.

ஃபோன் இயர்ஃபோனை நேரே மாட்ட வேண்டாம், அது 32 ஓம், இந்தச் செற்றுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். பழைய ட்ரான்சிஸ்ரர் செற்றின் அவுற்புற் ட்ரான்ஸ்போமரை இடையில் மாட்டினால் சரி. என்னிடம் ஒன்று கிடக்கிறது, ஞாயிறு வந்து எடுங்கள். மழை இருட்டினால் அன்ரெனாவைக் கழற்றி நிலத்தில் போடுங்கள்.

இணுவிலான்
பத்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். முதல் நாலு இரவும் ஒன்றும் இல்லை. இரண்டு பிளேட் முறிந்தது, மகளுக்கு விரலில் ஒரு வெட்டு, மனைவிக்கு என்மேல் கோபம். ஐந்தாம் இரவு பிவிசி சுருளின் நாலாவது காதில் வயரைக் கொளுவி, எச்பி பென்சிலை விட்டு 2பி போட்டோம். மகள் ஊசியைத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கையை உயர்த்தினாள். மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ஆள் ஒருவர் தமிழில் கதைக்கிறார், மிக மெல்லியதாக, கிணற்றுக்குள்ளிருந்து கதைக்கிற மாதிரி. எந்த நிலையம் என்று பிடிபடவில்லை. பின்னால் நாதஸ்வரம் கொஞ்சம். மாமியிடம் கொடுத்தோம். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, செற்றைச் சுற்றி வந்து பார்த்து, “ஆர் சுத்துறது?” என்று கேட்டா.

வலிகாமத்தாள்
உங்கள் மாமியை ஒருதரம் கட்டிப் பிடித்ததாகச் சொல்லுங்கள்.

பிடிவாதம்
சரி. பாடும். காணொளி போட்டால் இன்னும் நல்லது.

இணுவிலான்
போட்டுப் பார்த்தேன், ஃபோனுக்கு அந்தச் சத்தம் ஏறவில்லை. வீட்டுக்கு வாரும், தேத்தண்ணி தருகிறேன், காதில் வைத்துக் கேளும்.

கண்காட்சி நேற்று. இரண்டாம் இடம். முதலிடம் சூரிய ஒளியில் மிளகாய் காயவைக்கும் பெட்டிக்கு. மண்டபத்துக்குள் இரும்புக் கூரையும் ரியூப் லைற்றுமாக இருந்ததில் செற் ஒரு சொல்லும் பேசவில்லை, மகள் நடுவர்களை வேப்பமரத்தடிக்கே கூட்டிப் போய்க் கேட்கவைத்தாள். அந்தக் கேள்விக்குறி ஆசிரியர் கால் மணித்தியாலம் ஊசியை விடவில்லை.

செற் மாஸ்ரர்
சந்தோஷம். பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லும். அந்த ட்ரான்ஸ்போமர் எனக்குத் திரும்ப வேண்டும். கோண்டாவில் ஆள் ஒருவரின் செற் அதற்காகத்தான் ஒன்றரை மாதமாக மேசையில் கிடக்கிறது, அவருக்குச் சாமான் கொழும்பிலிருந்து வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.